சொல்கிற விலை

என் அப்பாவைப் பொறுத்தவரை விலை என்று ஒன்று கிடையாது, சொல்கிற விலை என்றுதான் உண்டு. பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி விற்கிற தரகர் அவர். மெயின் ரோட்டில் டயர்க்கடைக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஒரு ஷெட், அது நிற்கிற துண்டு நிலம், இரண்டும் அவர் சுயமாகச் சம்பாதித்தவை. வண்டியைக் கொண்டுவருகிறவன் ஒரு தொகையைச் சொல்வான். அப்பா கிக்கரை ஒரு மிதி மிதிப்பார், சைலன்சர் புகையை மோந்து பார்ப்பார், பிறகு "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டு டீ சொல்வார். வண்டியைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார். இரண்டாவது டீ முடிவதற்குள் வந்தவன் தானாகவே இறங்கி வந்து பாதியில் நிற்பான். கடைத்தெருவில் அவருக்குப் 'பாதிவிலை' என்றே பெயர். அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார், கோபித்துக்கொள்ள மாட்டார்.

எனக்கு வெளிநாட்டில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தபோது, அந்த நகரத்தில் ஒரு மாணவர் ஒரு வருஷம் வாழ எவ்வளவு ஆகும் என்று பல்கலைக்கழகம் ஒரு கணக்கு அனுப்பியிருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அப்பா அதை வரிவரியாகத் தமிழில் படிக்கச் சொன்னார். துணிமணி என்றேன். பெட்டி நிறைய எடுத்துக்கொண்டுதானே போகிறாய், அடித்துவிடு என்றார். புத்தகம் என்றேன். அங்கே லைப்ரரி இல்லையா என்றார். வாடகை என்று நான் வாயைத் திறந்ததும், ஒரே ஒரு பெண்ணுக்கு எதற்கு ஒரு முழு அறை, இரண்டு பேராகத் தங்கினால் பாதிதானே என்று அதையும் முடித்துவைத்தார். கடைசியில் 'இதர செலவுகள்' என்று ஒரு வரி இருந்தது.

"இதரன்னா என்னன்னு அவங்களுக்கே தெரியல. அவங்களுக்கே தெரியாத செலவுக்கு நாம ஏன் காசு குடுக்கணும்?" என்றார் அப்பா.

அம்மா சிரித்தாள், நானும் சிரித்தேன். எனக்கு அவர்மேல் ஒரு துளிச் சந்தேகமும் இல்லை. பள்ளிக்கூடக் கட்டணம், சித்தி கல்யாணத்து மண்டப வாடகை, என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய டாக்டரின் பீஸ், எல்லாவற்றையும் பேசிப் பேசியே பாதியாக்கிய மனிதர். அவருக்கு ஒரு நகரம் எம்மாத்திரம் என்று நினைத்தேன். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கினோம். படிப்புக் கட்டணம் முழுசாக, வாழ்க்கைச் செலவு பாதியாக. விசாவுக்காக வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய மீதித் தொகையை யாரிடமோ கைமாற்றாக வாங்கிப் போட்டார் அப்பா. விசா கைக்கு வந்த கையோடு அந்தப் பணம் வந்த வழியே போய்விட்டது. அன்றைக்கு ஷெட்டில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். ஒரு பல்கலைக்கழகத்தையே மடக்கிவிட்ட சந்தோஷம்.

நகரம் மடங்கவில்லை. அறை பார்க்கப் போன இடத்தில் அப்பா சொல்லிக்கொடுத்தபடி வீட்டுக்காரரிடம் முதலில் குடும்பத்தை விசாரித்தேன். அந்த ஆள் பயந்துபோய் எதற்காகக் கேட்கிறாய் என்றார். வாடகையில் பாதியைச் சொன்னேன். அவர் கோபப்படக்கூட இல்லை, கையிலிருந்த ஃபைலை மூடிவிட்டு, கீழே இன்னும் நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். கேட்ட வாடகையையும், அதைப் போல இரண்டு மடங்கு முன்பணத்தையும் அங்கேயே கட்டினேன். இத்தனைக்கும் அது நம் மொழி பேசுகிற ஒரு சீனியரோடு பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்ட அறைதான். சரிந்த கூரை, எழுந்தால் தலை இடிக்கும். இருக்கிற ஒரே ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சமையல் புகைக்குழாய். ஹீட்டருக்குத் தனியாக ஒரு மீட்டர். அது ஓடும் சத்தம் கேட்டாலே எழுந்துபோய் ஹீட்டரை அணைத்துவிடுவேன்.

அப்பா போட்டுக் கொடுத்த கணக்கைச் சீனியர் ஒரு தடவை மேலும் கீழுமாகப் பார்த்தாள். இது ஒரு செமஸ்டருக்கா என்று கேட்டாள். வருஷத்துக்கு என்றேன். அவள் அப்புறம் ஒன்றும் கேட்காமல், தான் வேலை பார்த்த ஹோட்டலில் என்னைச் சேர்த்துவிட்டாள்.

ஹோட்டலின் சலவைப் பிரிவு நிலவறையில் இருந்தது. படுக்கை விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையாகப் பிடித்துச் சூடான உருளைக்குள் விட வேண்டும், அந்தப் பக்கம் வந்து விழுவதைப் பிடித்து மடிக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் திரும்பவும் தண்ணீரில் போடச் சொல்வாள் சூப்பர்வைசர். வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் மாணவர்கள் வேலை செய்யலாம் என்று சட்டம். அந்த மணிகளை ஒன்றுவிடாமல் செய்தேன். குளிர்காலத்தில் நான் உருப்படியாகச் சூடாக இருந்த இடமே அதுதான். கடையில் சாயங்காலம் விலை குறைத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுகிற நேரம் பார்த்துப் போய் ரொட்டியும் முட்டையும் வாங்கிவந்தேன். இப்படியாகப் பாதிப் பணத்தில் முழு வாழ்க்கை எப்படியோ ஓடியது.

வாரா வாரம் அப்பா போன் செய்வார். அரிசி என்ன விலை என்று கேட்பார், சொன்னால் "ரெண்டு கடை ஏறி விசாரிச்சியா?" என்பார். இங்கே பேரம் கிடையாதுப்பா, எல்லாவற்றிலும் விலை ஒட்டியிருக்கும் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். ஒட்டினது யாரு, மனுஷன்தானே என்று கேட்டார். ஷெட்டுக்கு வருகிற போகிறவர்களிடமெல்லாம் பாதிச் செலவில் பெண்ணைப் படிக்கவைக்கிற கதையை அவர் அவிழ்த்துவிடுவதாக அம்மா சொன்னாள். கேட்க எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்தக் குரலில் இருக்கிற பெருமையைக் கெடுக்கவும் மனசு வராது. சரிப்பா, பார்க்கிறேன்ப்பா என்று வைத்துவிடுவேன்.

படிப்பு முடிய ஐந்து மாதம் இருக்கும்போது ஹோட்டல் தன் சலவையை வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. அடுத்த வார வேலைப் பட்டியலில் எங்கள் யார் பெயரும் இல்லை. சூப்பர்வைசர் பெயரே இல்லை, அவளிடம் போய் நான் என்னத்தைக் கேட்பது. அதே மாதம் சீனியருக்குப் படிப்பு முடிந்து வேறு ஊரில் வேலை கிடைத்தது. அவளுடைய பாதி வாடகையும் இனி என் தலையில். வேறு ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் புது ஒப்பந்தம், புது முன்பணம் என்றார் வீட்டுக்காரர். மாதக் கடைசிக்குள் ஏதாவது ஒன்றைக் கட்டாவிட்டால் காலிசெய்ய வேண்டும். தெருவில் நின்றுகொண்டு படிக்க முடியாது. பட்டம் இல்லாமல் ஊருக்குத் திரும்பினால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் வீட்டுக் கடனை அடைக்க ஆள் இல்லை. வேலை கேட்டு ஏறாத கடை இல்லை. எல்லாக் கடையிலும் என்னைப் போல ஒரு மாணவி எனக்கு முன்னாலேயே வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தாள்.

பல்கலைக்கழகத்தில் பணக் கஷ்டம் உள்ளவர்களுக்கென்று ஒரு அறை உண்டு. அங்கிருந்த அம்மாள் நல்ல மாதிரி. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்த வருஷ உதவித்தொகை தீர்ந்துவிட்டது என்று வருத்தப்பட்டு, சிக்கனம் பற்றி ஒரு கையேடு கொடுத்து அனுப்பினாள். வெளியில் காபி குடிப்பதைக் குறையுங்கள் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. அந்த ஊரில் நான் கடையில் ஒரு காபிகூடக் குடித்ததில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன், பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

எப்படி இழுத்துப் பிடித்தாலும் ஐந்து மாதத்துக்கு நம் ஊர்ப் பணத்தில் இரண்டு லட்சம் வேண்டும். அப்பாவிடம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு என்று கேட்டால் ஒன்றுதான் வரும், அது எனக்குத் தெரியும். பெட்டி கட்டிக்கொண்டிருந்த சீனியர் விளையாட்டாகத்தான் சொன்னாள், அப்படின்னா நாலுன்னு கேளேன் என்று. எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. தரகர் மகளுக்கு இதுகூடத் தெரியாதா என்றுதான் தோன்றியது. நாலில் ஆரம்பிக்க வேண்டும். அவர் சிரிப்பார். மூன்றுக்கு இறங்க வேண்டும். ஹீட்டர் எதுக்கு, ரெண்டு போர்வை போத்திக்கோ என்பார். இரண்டரைக்கு வந்து, கொஞ்சம் கோபித்துக்கொண்டு, இரண்டில் முடிக்க வேண்டும். அவர் என்னென்ன கேட்பார், நான் என்னென்ன சொல்லலாம் என்று கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன்.

வேலை போனதைச் சொன்னேன், வாடகையைச் சொன்னேன். பிறகு, "நாலு லட்சம் வேணும்ப்பா" என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ ஒரு வண்டியை முறுக்குவது மட்டும் கேட்டது.

"எப்ப வேணும்?" என்றார்.

"மாசக் கடைசிக்குள்ள."

"சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். சரி, வை என்று வைத்துவிட்டார்.

நான் தயார்செய்து வைத்திருந்த பேச்சு ஒன்றுகூடச் செலவாகவில்லை. அப்போதே திரும்பக் கூப்பிட்டு, இவ்வளவு வேண்டாம்ப்பா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பாவை எனக்குத் தெரியுமே. இது டீ வாங்கிக் கொடுக்கிற கட்டம், சாப்பிட்டியா என்று கேட்டதே பேரத்தின் ஆரம்பம் என்று நினைத்தேன். நாளைக்குக் கூப்பிட்டு அடிமாட்டு விலைக்குக் கேட்பார், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் கூப்பிடவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. நானாகக் கூப்பிட்டபோது, ஏதோ அலைச்சலில் இருக்கிறார், வந்தால் பேசச் சொல்கிறேன் என்றாள் அம்மா. அவள் குரல் சரியாக இல்லை. நான் அதைத் தோண்டிக் கேட்கவில்லை, எனக்கு என் கவலை. மாதம் முடிய ஒரு வாரம் இருக்கையில் வகுப்புக்குள் நுழையும்போது வங்கியிலிருந்து செய்தி வந்தது. நாலு லட்சம். முழுசாக. வகுப்புக்குப் போகாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்து வீட்டுக்குப் போன் செய்தேன்.

அம்மாதான் எடுத்தாள். பணம் ஏது என்று கேட்டேன். ஷெட்டு நிலத்தைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். பக்கத்து டயர்க்கடைக்காரர் அந்த இடத்தைப் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், அவர் எட்டு லட்சம் வரைக்கும் ஏறி வந்தும் அப்பா பிடிகொடுத்ததில்லை.

"உங்கப்பாவே அவர் கடைக்கு நடந்து போனார் பாப்பா. எனக்கு நாலு லட்சம் வேணும், எடத்தை எழுதிக்கோன்னு சொல்லிட்டு வந்துட்டார். அந்த மனுஷன் நம்பவே இல்லையாம். பத்திரமும் முடிஞ்சுது."

விற்கிறவன் வாங்குகிறவன் வாசலுக்குப் போகக் கூடாது, நம் அவசரத்தை முகத்தில் காட்டக் கூடாது என்று வருகிறவனுக்கெல்லாம் பாடம் நடத்துகிறவர் அவர். அதில் இரண்டு லட்சம் எனக்குத் தேவையே இல்லை என்று அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போன் கை மாறிவிட்டது.

"வந்துருச்சா?" என்றார் அப்பா.

"வந்துச்சுப்பா. ஏம்ப்பா, எங்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்ல? கொஞ்சம் கொறைச்சுக்கோன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கிட்ட என்னத்தப் பேசுறது? நீ யாரு பொண்ணு? எட்டு தேவைன்னா நாலுன்னு கேட்டிருப்ப. அதுக்கு மேல வேற கொறைப்பேனா நான்?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "மீதி நாலையும் சேத்து அனுப்பணும்னுதான் பாத்தேன் பாப்பா. அப்பாவால இப்போதைக்கு இவ்வளவுதான் முடிஞ்சுது. கோச்சுக்காத."

"இதுவே அதிகம்ப்பா" என்றேன்.

அவர் சிரித்தார். நான் அவரைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். பாதி போதும் என்று அப்போது சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பும் போயிருக்கும், நிலமும் திரும்பி வந்திருக்காது. படிக்கட்டில் ஏறுகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மொதல்ல போய் வாடகையக் கட்டு" என்றார் அப்பா. "அவங்க எவ்வளவு சொல்றாங்களோ அவ்வளவும் குடுத்துடு. பேசிக்கிட்டு நிக்காத."