விரல் நுனிக்கும் பிம்பத்துக்கும் நடுவே

அரக்கு இளக மறுத்தது. விலாசினி மெழுகுவர்த்தியைப் பித்தளைச் சட்டத்துக்கு இன்னும் நெருக்கிப் பிடித்தாள். விரல் சுட்டது. சுடட்டும். வாசலில் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது.

தரையில் மூன்று துண்டாகக் கிடந்தது நிமிஷாவின் கல்யாணக் கண்ணாடி. செம்பும் வெள்ளீயமும் உருக்கி வார்த்த உலோகம்தான். ஆனாலும் கை நழுவினால் ஓடு மாதிரி உடையும். ஆறன்முளைப் பட்டறையில் ஆயுசு முழுக்கக் கண்ணாடி தேய்த்தவளுக்கு இது தெரியாதா? மகளுக்குத் தலைவாரிய எண்ணெய்க் கையோடு தூக்கிவிட்டாள்.

"விலாசினி! உள்ள என்னடி அலங்காரம்? கல்யாணம் உனக்கா, உன் பொண்ணுக்கா?" கதவைத் தட்டினான் அண்ணன் பாஸ்கரன்.

"புடவைக்கு ஊக்கு குத்தறேன் சேட்டா! இதோ வந்துட்டேன்!"

அரக்கு பளபளத்தது. செத்துப்போன புருஷனின் சவரக் கண்ணாடியை எடுத்து அழுத்தினாள். வட்டம் ஏறக்குறையச் சரி. துண்டுகளை அரிசிப் பானைக்குள் புதைத்தாள்.

அஷ்டமங்கலத் தட்டில் லட்சுமி உட்காரும் இடம் அந்தக் கண்ணாடி. அது உடைந்தது தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் வாசலோடு திரும்பிவிடுவார்கள். செவ்வாய் தோஷம் என்று வந்த வரனெல்லாம் தட்டிப்போய், கடைசியில் தரகர் கொண்டுவந்த இடம் இது. மாவேலிக்கரையில் புது வீடு. ஒரே பையன் ஹரிலால். பழைய ஊரைப் பற்றிக் கேட்டால் அவன் அம்மா ரத்னம்மா, "அங்க இப்ப நம்ம ஆளுங்க யாரும் இல்ல" என்று முடித்துவிடுவாள்.

நல்லவேளை, சட்டம் தப்பியது. சாதாரணச் சட்டம்தான். பட்டறைச் சுவரில் ஒரு பழைய கண்ணாடிச் சட்டத்தின் போட்டோவைப் பார்த்துவிட்டு, அதேபோல் கல் பதித்துத் தரச்சொல்லி நிமிஷா எவ்வளவோ கெஞ்சினாள். "அந்த மாதிரி உனக்கு வேண்டாம்" என்று விலாசினி ஒரே வெட்டாக வெட்டினாள். ஏன் என்று சொல்லவில்லை. போட்டோவையும் கழற்றிவிட்டாள்.

தட்டு பந்தலுக்கு வந்தது. ரத்னம்மா நேராகக் கண்ணாடியிடம்தான் வந்தாள்.

"ஆறன்முளைக்கு வந்து விரல் வெச்சுப் பார்க்காம போனா எப்படி?" சிரித்தபடி ஆள்காட்டி விரலை நீட்டினாள்.

அசல் என்றால் விரல் நுனியும் பிம்பத்தின் நுனியும் ஒட்டிக்கொண்டு நிற்கும். சாதாரணக் கண்ணாடியில் நடுவே ஓர் இடைவெளி விழும். இந்தப் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சோதனை.

விரல் தொட்டது. இடைவெளி விழுந்தது.

ரத்னம்மா நிமிர்ந்தாள். இருவர் கண்களும் சந்தித்தன. நாதஸ்வரம்கூட நின்றுவிட்டது போலிருந்தது விலாசினிக்கு.

"என்ன, சொத்தையா?" ஹரிலாலின் பெரியப்பா எட்டிப் பார்த்தார்.

ரத்னம்மா புடவைத் தலைப்பால் விரல் ரேகையைத் துடைத்தாள். "போங்க சேட்டா, உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். அசல் சரக்கு. நேரமாச்சு, பொண்ணைக் கூப்பிடுங்க."

விலாசினிக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படியும் ஒரு சம்பந்தியா! சாப்பாட்டுப் பந்தியில் ரத்னம்மாவின் இலையில் அடைப் பிரதமனைத் தானே ஊற்றினாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சேச்சி, நீங்க என் மானத்தைக் காப்பாத்தினீங்க."

"ஒரு வீட்டுக் குறையை இன்னொரு வீடு மறைக்கணும். அதுதான சம்பந்தம்?" பிரதமனை வழித்துச் சாப்பிட்டாள் ரத்னம்மா.

சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் போன் வந்தது. நிமிஷா. குரலில் சிரிப்பு.

"திருட்டம்மா! கண்ணாடியை மாத்திட்டியா? விரல் வெச்சுப் பார்த்தேன்."

"மெதுவாப் பேசு மோளே! யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல. நீ பயப்படாதே, இங்கயே அசல் ஒண்ணு இருக்கு. போர்வை தேடி அலமாரியைக் குடைஞ்சேன், அடியில துணி சுத்திக் கிடந்துச்சு. விரல் வெச்சா அப்படியே ஒட்டுதும்மா!"

"உங்க அத்தையோட கல்யாணக் கண்ணாடியா இருக்கும்."

"இல்லம்மா, புதுசு. நான் கேட்டு நீ முடியாதுன்னியே, அதே மாதிரி! எனக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி. இடப்பக்கம் பச்சைக்கல்லு, வலப்பக்கம் சிவப்புக்கல்லு... ஐயோ, அத்தை வர்றாங்க. அப்புறம் பேசறேன்."

போன் அணைந்தது. விலாசினி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். அந்த இடைவெளியைப் பார்த்தும் ரத்னம்மா ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது இப்போது புரிந்தது.

பச்சையும் சிவப்பும் பதித்த அப்படி ஒரு சட்டத்தை அவள் கை ஒரே ஒரு முறைதான் செய்தது, தலவடியிலிருந்து வந்த ஒரு கல்யாணப் பெண்ணுக்காக. ஆண்டு திரும்பும் முன்பே அந்தப் பெண்ணின் அப்பா, அந்தக் கண்ணாடியை வைத்துக் கொடுத்த பெட்டியைக் காலியாக ஏந்திப் பட்டறை வாசலில் வந்து நின்றார். எந்த வீட்டில் பெண்ணைக் கொடுத்தீர்கள் என்று விலாசினி அன்று கேட்டுக்கொள்ளவில்லை. அவர் சொன்னது மட்டும் இப்போது வார்த்தை பிசகாமல் காதில் கேட்டது.

"கிணத்துல தவறி விழுந்துட்டாள்னு சொன்னாங்கம்மா. புடவை, நகை எல்லாம் திருப்பிக் கொடுத்துட்டாங்க. கண்ணாடி மட்டும் வரல. இங்க விக்க வந்தா சொல்லுங்க."