மஞ்சள் துணி கட்டிய தக்காளிச் செடி

“ஊமத்தை மேலயா ஒட்டின?” என்று ஃபோனில் குமரேசனிடம் கத்தினான் திருமலை. தோட்டக்கலை படித்தவன். “சுண்டைக்காய்ச் செடியிலதானே தக்காளிய ஒட்டச் சொன்னேன்!”

“அதுலயும்தான் ஒட்டினேன். ஊமத்தை எந்த வெயிலுக்கும் வாடலையேன்னு அதுல ரெண்டு ஒட்டிப் பார்த்தேன். பழுத்துத் தொங்குது.”

“வேர்ல இருக்கிற விஷம் பழத்துக்கு ஏறும்டா. வாய் காயும், கண்ணு பாப்பா விரியும், அப்புறம் ஆளே பிதற்ற ஆரம்பிச்சுடுவான். உயிருக்கே ஆபத்து. யாரும் தொடாம பாத்துக்கோ.”

குமரேசன் வேங்கிக்காலில் வேலையில் இருந்தான். உடனே மனைவி அருணாதேவியை அழைத்தான்.

“தேவி, மஞ்சத்துணி கட்டின செடியத் தொடாத!”

“நல்ல நேரத்துல சொன்னீங்க. எட்டுப் பழமும் பறிச்சுத் தக்காளி சாதம் கிளறியாச்சு. எனக்குத் தெரியாம சாமிக்கு இன்னா வேண்டிக்கிட்டீங்க?”

“வேண்டுதலா? அடையாளத்துக்குக் கட்டினேன்டி!”

“மஞ்சத்துணி கட்டினா சாமிக்குன்னு எந்தக் குழந்தையும் சொல்லும். அதான் பிரதோஷத்துக்குக் கோயிலுக்கே எடுத்தாந்துட்டேன். மேளம் அடிக்கிறாங்க, ஒன்னும் கேக்கல. வெச்சுடறேன்.”

அதன்பின் அவள் எடுக்கவே இல்லை. அடி அண்ணாமலைக் கோயில் வரைக்கும் வண்டியை எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது.

கோயில் வாசலில் ஒரு சிறுமி தொன்னையை வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். தட்டிவிட்டான்.

“யோவ், குழந்தை கையில இருக்கிறதைத் தட்டுறியே, கண்ணு அவிஞ்சு போச்சா?” என்றாள் அவள் தாய்.

தரையில் கிடந்தது சர்க்கரைப் பொங்கல். யாரோ கொண்டுவந்தது.

நந்திக்குப் பக்கத்தில் தேவி உட்கார்ந்திருந்தாள். மடியில் மூடிய தூக்கு.

“யாருக்காவது குடுத்தியா?”

“சாமிக்குப் படைக்காமலா? அபிஷேகமே இன்னும் முடியல.” உதட்டை நாக்கால் தடவினாள். “வாயெல்லாம் காயுதுங்க.”

அவன் அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினான். கண்ணைப் பார்த்தான். பாவை பெரிதா, சிறிதா? எதோடு ஒப்பிடுவது? இத்தனை வருஷத்தில் ஒருநாளும் பார்த்து வைத்ததில்லையே.

“ஊரே பாக்குது, விடுங்க!”

“உப்புப் பாத்தியா? சொல்லு. ஒரு பருக்கையாவது வாயில வெச்சியா?”

“சாமிக்குச் செய்யறத நாக்குல வெப்பாங்களா? காலையிலேர்ந்து விரதம். பச்சத் தண்ணி பல்லுல படல. அதான் காயுது.”

குமரேசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“தேவியம்மா, நைவேத்தியத்தக் கொண்டாங்க!” என்று உள்ளேயிருந்து குருக்கள் குரல் கொடுத்தார்.

அவள் தூக்கை எடுக்கப் போனாள். அவன் இரண்டு கையாலும் மூடியை அழுத்திப் பிடித்திருந்தான்.