யூ-2 எந்தச் செடி?

ஜெஸ்மியின் பெயர் இல்லாமல் அந்த ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது, அவள் தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கைபேசியில் திறந்து படித்தாள். ஒவ்வொரு வரைபடமும் அவள் போட்டது. மூன்று வருடம் முத்தையாபுரத்து உப்பளக் கரைகளில் வெயிலில் நின்று, இலைகள் எவ்வளவு கரியமில வாயுவை இழுக்கின்றன என்று அளந்தவள் அவள்தான். கட்டுரையின் மேலே இரண்டே பெயர்கள். அவளுடைய ஆய்வு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் ஜீவமணி, அவரிடம் புதிதாகச் சேர்ந்திருந்த ஆய்வு மாணவி இந்துமதி.

ஜெஸ்மியின் அப்பா ஆலந்தலைக் கடற்கரையில் வள்ளம் தள்ளும்போது கால் நசுங்கிப் படுத்த நான்கு மாதமும் அவள் கல்லூரிக்குப் போகவில்லை. லீவு கடிதம் கொடுத்துவிட்டுத்தான் போனாள். கடிதமே வரவில்லை என்று ஜீவமணி பல்கலைக்கழகத்துக்கு எழுதி அவளுடைய ஆய்வுப் பதிவை ரத்து செய்ய வைத்தார். திரும்பி வந்து நின்றவளிடம், "ஏளா, கடலுக்குப் போற வீட்டுப் பிள்ளைக்கு ஆராய்ச்சி எதுக்கு? போயி ஒரு வேலையப் பாரு" என்றார். அளவுகள் எல்லாம் அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தன.

தாவரங்களின் பசுங்கணிகத்துக்குள் ரூபிஸ்கோ என்று ஒரு நொதி இருக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து, சர்க்கரையாக மாறும் பாதையில் சேர்ப்பது அதன் வேலை. வெயில் ஏறினால் அது தடுமாறும். கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். செடி சேர்த்த கார்பனில் ஒரு பங்கு வீணாகும். உப்பளத்து உமரிச் செடியின் ரூபிஸ்கோ நாற்பது டிகிரியிலும் தடுமாறுவதில்லை, அதை நெல்லுக்குள் கொண்டுவந்தால் விளைச்சல் பெருகும் என்று ஜீவமணி எழுதியிருந்தார்.

ஜெஸ்மி மூன்றாம் பக்கத்து அட்டவணையைப் பார்த்தாள். அந்த வியப்பான அளவுகள் எல்லாமே 'யூ-2' என்ற குறியீட்டின் கீழ் இருந்தன. பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிட்டாள்.

யூ-1 என்பது கீரையாகப் பறித்துச் சமைக்கும் சின்ன உமரி. யூ-2 அதே பேரினத்தில் இன்னொன்று, ஆளுயரப் புதராக வளரும் பெரிய உமரி. அதன் இலையில் கரியமில வாயுவை முதலில் பிடிப்பது ரூபிஸ்கோவே அல்ல. ஆக்சிஜனைத் தொடாத வேறொரு நொதி பிடித்து, உள்ளே ரூபிஸ்கோ இருக்கும் இடத்தில் கொண்டுபோய்க் குவிக்கும். அப்படிக் குவித்துக் கொடுத்தால் எந்த ரூபிஸ்கோவும் தடுமாறாது. தாவரவியலில் இது பழைய செய்தி. யூ-2 என்பதைச் சின்ன உமரியின் இரண்டாம் சுற்று அளவு என்று ஜீவமணி நினைத்துவிட்டார். குறியீட்டு விளக்கம் இருந்த குறிப்பேடும், பறித்த செடிகளை உலர்த்தி ஒட்டிய தாள்களும் ஜெஸ்மியின் அலமாரியில் இருந்தன.

ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் அவர் சத்தமில்லாமல் திருத்தியிருப்பார். அவள் போடவில்லை. அவருக்கு விருது கிடைத்தது, பேட்டி வந்தது. இன்னும் ஏறட்டும் என்று ஒன்றரை வருடம் பொறுத்தாள்.

பெரிய ஆய்வுத் திட்டத்தை அவருக்குக் கொடுப்பதா என்று முடிவுசெய்ய வெளியூர் நிபுணர்கள் கல்லூரிக்கு வந்தார்கள். அவர்கள் முன்னால் ஜீவமணியின் உரை, யாரும் வரலாம் என்றார்கள். ஜெஸ்மி லீவு போட்டுவிட்டு ஆறாவது வரிசையில் உட்கார்ந்தாள். கேள்வி நேரத்தில் எழுந்தாள்.

"சார், யூ-2 எந்தச் செடி?"

அவர் அவளை அடையாளம் கண்டார். "உமரி. அதத்தான அரைமணி நேரமாச் சொல்லுதேன்."

"எந்த உமரி சார்?"

"நீ இங்கனதான இருந்த? ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். அதான் கேக்கேன்."

முன்னால் நடந்துபோய் நிபுணர்களின் மேசையில் ஒரு தாளை வைத்தாள். உலர்த்தி ஒட்டிய செடிக்கிளை. அடியில் யூ-2, தேதி, இடம், பெரிய உமரியின் தாவரவியல் பெயர். அதற்கும் கீழே ஜீவமணியின் கையெழுத்து.

"கையெழுத்து வாங்க வாரப்பல்லாம் நீங்க செடியப் பாத்ததே இல்ல சார். கடலுக்குப் போற வீட்டுப் பிள்ள நான் பாத்துத்தான் பறிச்சேன்."

நிபுணர்களில் மூத்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இதுல ரூபிஸ்கோவுக்கு முன்னாடி வேற நொதி வேலை செய்யுமே, புரொபசர்? இது உங்க கையெழுத்துதானே?"

ஜீவமணி தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறக்க வரவில்லை. ஜெஸ்மி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் மூடியோடு போராடும் அந்த நேரம் நீள வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

திட்டம் போயிற்று. இரண்டு மாதத்தில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஜீவமணியைத் துறைத் தலைமையிலிருந்து இறக்கினார்கள்.

ஒரு மதியம் இந்துமதி ஏற்றுமதி நிறுவனத்தின் வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, கட்டுரை வந்த அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா? அத வச்சுத்தான் தீசிஸ் முழுக்க எழுதுனேன். எல்லாம் போச்சு."

"சொல்லிருந்தா நீ அவர்ட்டச் சொல்லிருப்ப."

"ஆமா, சொல்லிருப்பேன். அது தப்பாக்கா?"

ஜெஸ்மி திருப்பிக் கேட்டாள். "அந்த அளவெல்லாம் யாரு எடுத்ததுன்னு நீ அவர்ட்டக் கேட்டியா?"

"கேக்கல" என்று சொல்லிவிட்டு இந்துமதி பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

பிறகு இரண்டு முறை ஜெஸ்மி அவளுக்கு போன் செய்தாள். எடுக்கவில்லை. அந்த ஜூனில் ஜெஸ்மி வேறொரு கல்லூரியில் ஆய்வுக்கு மறுபடி விண்ணப்பித்தாள். முன்னாள் வழிகாட்டி என்ற இடத்தில் ஜீவமணியின் முழுப்பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதினாள். பதிவு ரத்தான காரணம் என்ற இடத்தில் ஒரு வரிக்குத்தான் இடமிருந்தது. தனித்தாள் எடுத்து, ஆற அமர எழுதத் தொடங்கினாள்.