சித்தப்பாவின் கடைவாய்ப் பல்

என் சித்தப்பாவுக்குச் சொந்தமாக ஒரு வயது கிடையாது. ஆஸ்பத்திரியில் கேட்டால் அப்பாவின் வயதில் ஒன்றைக் கழித்துச் சொல்வார். ரயில் நிலையத்தில் நாதியில்லாமல் நின்ற பிள்ளையைத் தாத்தா வீட்டுக்குக் கூட்டிவந்து, மூன்று வயது அப்பாவின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்திருக்கிறார். அரை சாண் குட்டை. "சரி, இவன் சின்னவன்." பிறப்புச் சான்றிதழ் வழங்கும் பணி அத்தோடு முடிந்தது. வந்த சின்னவன் மணிமணியாகப் பேசினானாம். என்ன புத்திசாலிக் குழந்தை என்று வீடே பூரித்ததே தவிர, யாருக்கும் வேறு சந்தேகம் தட்டவில்லை.

மூத்தவன் படிக்க வேண்டும், இளையவன் வேலைக்குப் போக வேண்டும் என்பது தாத்தாவின் கொள்கை. அப்பா படித்து இன்ஜினியர் ஆனார். சித்தப்பா பேக்கரியில் மாவு பிசைந்தார். இன்றும் மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது என்பதுவரை அப்பாதான் தீர்மானிப்பார். "சரிண்ணே" சொல்வது சித்தப்பாவின் இலாகா.

அடையாளம் தெரியாத பிணங்களின் பிறந்த வருஷத்தைப் பல்லை வைத்துக் கண்டுபிடிக்கும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. போன மாதம் சித்தப்பா கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து, பஞ்சில் சுற்றி என்னிடம் நீட்டினார்.

"செத்தவங்களுக்கே சொல்றியேம்மா, எனக்கும் சொல்லேன். எனக்குன்னு ஒரு வயசு இருந்தா நல்லாருக்கும்."

"இதுல என்ன சந்தேகம்? என்னைவிட ஒரு வயசு சின்னவன். நான்தான் பாத்தேனே," என்றார் அப்பா. பார்த்த சாட்சிக்கே அப்போது மூன்று வயது.

விஷயம் சுலபமானது. இவர்களின் சிறுவயதில் பெரிய நாடுகள் போட்டி போட்டுக்கொண்டு திறந்தவெளியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தன. அந்தப் புண்ணியத்தில் காற்றிலிருந்த கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரட்டிப்பானது. அது காற்றிலிருந்து செடிக்குப் போய், செடியிலிருந்து சோற்றுக்கு வந்து, சோற்றிலிருந்து பல்லுக்கு வந்தது. பல்லின் எனாமல் ஒருமுறை உருவானால் பிறகு மாறாது. அந்த வருஷத்துக் காற்று அதிலேயே தங்கிவிடும். ஊரை அழிக்கக் கிளம்பியவர்கள் போகிறபோக்கில் என் சித்தப்பாவுக்கு ஒரு ஜாதகம் எழுதி வைத்திருக்கிறார்கள், மகராசன்கள்.

ஒரு சிக்கல் உண்டு. வெடிப்பது நின்றதும் அந்த அளவு மெல்ல இறங்கத் தொடங்கியது. அதனால் ஒரே அளவு, ஏறும்போது ஒரு வருஷத்திலும் இறங்கும்போது இன்னொரு வருஷத்திலும் வரும். சித்தப்பாவின் பல்லும் இரண்டு விடை தந்தது. ஒன்றின்படி அவர் அப்பாவைவிட இரண்டு வயது மூத்தவர். மற்றதன்படி பத்து வயது இளையவர்.

சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"ரெண்டாவதுதான் சரி."

"அப்பா, சித்தப்பா வந்தப்ப உங்களுக்கு மூணு வயசு. ரெண்டாவது சரின்னா, அவர் பொறக்கறதுக்கு ஏழு வருஷம் முன்னாடியே இந்த வீட்டுக்கு வந்துட்டார்."

"உங்க மெஷின்ல ஏதோ கோளாறு." காலமெல்லாம் மெஷினை நம்பிச் சம்பளம் வாங்கிய மனிதர் சொன்னது இது.

சித்தப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா வந்தப்ப எனக்கு அஞ்சு வயசு. அஞ்சு வயசுப் பிள்ளை மூணு வயசுப் பிள்ளையைவிடக் குட்டையா இருக்குமாம்மா?"

ஆய்வகத்தில் யாராவது கேட்டிருந்தால் பட்டென்று சொல்லியிருப்பேன். இங்கே அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டுத்தான் சொன்னேன்.

"சோறு கிடைக்கலைன்னா இருக்கும், சித்தப்பா."

"ரொம்ப நாள் கிடைக்கலையோ."

"ரொம்ப நாள்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வயதைக் கேட்டவர் கையில் பட்டினியை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பெரிய விஞ்ஞானிதான் நான்.

அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இந்த வீட்டுல யாரும் அவனைப் பட்டினி போடலை. என் படிப்பையும் நான் யார்கிட்டயும் திருடலை." யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு விறுவிறுவென்று வாசல் பக்கம் நடந்தார்.

"உன்னை யாருடா குத்தம் சொன்னா," என்றார் சித்தப்பா. "வந்து சாப்பிடு."

அப்பா நின்றார். அவரை 'டா' போட்டுக் கூப்பிட்டவர்கள் எல்லாம் போய்ச்சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. திரும்பி வந்து, உட்கார்ந்து, சாப்பிட்டார்.