வேலைக்காரச் சகோதரிகள்

ஜசிந்தா பழைய கன்னியர் மடத்தின் கல்தரையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். துடைப்பான் ஒருமுறை போய்வர ஒரு 'அருள் நிறைந்த மரியாயே' செபம். ஜேர்மனியில் வுப்பர்டால் நகருக்கு வெளியே இருந்த அந்த மடம் இப்போது அருங்காட்சியகம். இடைக்காலத்தில் அங்கே வாழ்ந்த கன்னியாஸ்திரிகளைப் பற்றிய கண்காட்சிக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது.

தூணருகே ஜெயமலர் முழங்காலிட்டு, கல்லில் உறைந்திருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். காதில் சினிமாப் பாட்டு. அவளுக்கு இந்த வேலையைக் கெஞ்சிக் கேட்டு எடுத்துக்கொடுத்ததே ஜசிந்தாதான்.

அந்தப் பக்கமாக வந்த கண்காட்சிப் பொறுப்பாளரான பெண்மணி ஜெயமலரைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இப்படித்தான்! லத்தீன் தெரிந்த சகோதரிகள் மேலே பாடினார்கள். தெரியாதவர்கள் கீழே தரை துடைத்தார்கள். அந்த வேலையே அவர்களுடைய செபம்," என்றார் ஜேர்மன் மொழியில். "உங்களைப் படம் எடுக்கலாமா? சுவர் அளவுக்குப் போடுவோம்."

ஜெயமலர் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, "யா, யா," என்றாள்.

ஜசிந்தா வாளியைச் சத்தம் வர வைத்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் ஜெயமலர் கேட்டாள்: "அக்கா, திறப்பு விழாவுக்கு என்ன சீலை கட்ட?"

"கோயில் பக்கமே தலைவைச்சுப் படுக்காத உனக்குப் படம்! செபம் சொல்லிச் சொல்லித் துடைக்கிறது நான்."

"அவ கேட்டவ, நான் ஓமெண்டன். அதுக்கேன் கோவிக்கிறியள்?"

ஜசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளுக்குச் செபம் ஓடவில்லை. மாதாவை நினைத்தால் ஜெயமலரின் முகம் வந்து நின்றது. படம் பழுதாகப் போகவேண்டும் என்றுகூட ஒருநாள் மன்றாடிவிட்டு, அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

திறப்பு விழா அன்று ஜசிந்தாவுக்கு வேலை. ஜெயமலர் விடுப்பு எடுத்து, அரக்குப் பட்டுச்சேலை கட்டி, முன்வாசலால் வந்தாள். இருவரும் படத்தின் முன் போய் நின்றார்கள். சுவர் நிறைய இரண்டு கைகள், ஈரக்கல், சுரண்டும் தகடு. கீழே 'வேலையே செபம்' என்று எழுதி, படம் எடுத்தவரின் பெயரும் போட்டிருந்தது.

"முகம் எங்கை, அக்கா?"

ஜசிந்தா அவளுடைய முழங்கையைத் தொட்டாள். "அங்காலை வேறை படம் இருக்கும். வா, பாப்பம்," என்றாள், அப்படி ஒன்று இல்லையென்று தெரிந்தும்.

அதற்குள் விருந்தினர் ஒருவர் புன்னகையோடு தன் வெறும் வைன் கிளாஸை ஜெயமலரிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். அவர் படத்துக்குக் கிட்டப் போனார். பின்னால் வந்த பெண்ணும் தன்னுடையதை அவளுடைய மற்றக் கையில் கொடுத்துவிட்டு, தலையைச் சாய்த்து படத்தில் இருந்த அந்தக் கைகளை ரசிக்கத் தொடங்கினாள்.