(இ) பிரிவுக்கான பதில்

சபையில் போதைப்பொருள் விவாதம் வருகிறது என்றால் பதில் அக்காவுக்கு முன்பெல்லாம் சிரிப்புதான் வரும். இந்த வாரம் வயிறு எரிந்தது.

அந்தப் பெயரை அவளுக்கு வைத்தது சுகாதார அமைச்சகத்தின் மூன்றாவது மாடி. உறுப்பினர்கள் எழுதிக் கேட்கும் கேள்விகளுக்கு அமைச்சர் எழுந்து நின்று வாசிக்கிற பதில்கள் இருக்கின்றனவே, அவற்றை எழுதிக் கொடுப்பது பத்தொன்பது வருஷமாக அவள் வேலை. அவளைவிட வயதில் மூத்த குமாஸ்தாகூட "பதில் அக்கா, கையெழுத்து" என்றுதான் கூப்பிடுவார். அதற்குள் ஏழு அமைச்சர்கள் மாறிவிட்டார்கள். பதில் மாறினால்தானே! போன வருஷத்துக் கோப்பை எடு, தேதியை மாற்று, ஈயடிச்சான் காப்பி அடி, மேலே அனுப்பு. ஒருத்தராவது கண்டுபிடித்திருப்பார்களா? கேட்டவரே படிப்பதில்லை.

இந்த வாரம் வந்த கேள்விக்கு நான்கு பிரிவுகள். (அ) போதை மீட்பு மாத்திரைக்கு நாட்டில் தட்டுப்பாடு உள்ளதா? (ஆ) உள்ளதெனில் எத்தனை நாட்களாக? (இ) அதனால் மீண்டும் போதைப் பழக்கத்துக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர்? (ஈ) அரசு எடுத்த நடவடிக்கை என்ன? வியாழக்கிழமை நான்கு மணிக்குள் பதில் அச்சுக்குப் போக வேண்டும். மூன்றாவது மாடியில் இதற்கெல்லாம் ஒரு சுலப வழி உண்டு. (அ)வுக்கு "இல்லை" என்று போட்டுவிட்டால் போதும். மற்ற மூன்றுக்கும் சேர்த்து "(ஆ) முதல் (ஈ) வரை: கேள்வியே எழவில்லை" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடலாம். ஒரு "இல்லை" போட்டால் மூன்று கேள்வி காலி. அந்தக் கலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவள் தம்பி ஃபோன் செய்தான்.

"அக்கா, இன்னைக்கும் இல்லையாம்."

"நல்லா கேட்டியாடா?"

"நர்ஸம்மா அலமாரியைத் திறந்தே காட்டிட்டாங்க. காலி. மூணு நாளாச்சு." இரண்டு முறை மூக்கை உறிஞ்சினான். "கால் ரெண்டையும் யாரோ பிழியற மாதிரி இருக்குக்கா."

தம்பி லிஃப்ட் மெக்கானிக். முப்பத்து நான்கு வயது. எட்டு வருஷம் ஊசியோடு நாசமாய்ப் போனான். பிறகு பதினாலு மாதமாக ஒரு நாள் தவறாமல் கிளினிக்குக்குப் போய், நர்ஸ் முன்னாலேயே மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, கரைந்த பிறகு வாயைத் திறந்து காட்டிவிட்டு, கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறான். அந்த ஒரு மாத்திரைதான் அவனை மனுஷனாக நிறுத்தி வைத்திருந்தது. இது அக்காவுக்குத் தெரியும், நர்ஸுக்குத் தெரியும். ஆபீஸில் ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. தம்பி என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால், "லிஃப்ட் வேலை, அலைச்சல்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள்.

"பொறுத்துக்கடா. இன்னைக்கு எப்படியும் அனுப்பிடுவாங்க. பெஞ்சை விட்டு நகராதே."

"சபையில இதைப் பத்திதானே மூணு நாளா பேசறாங்க? டி.வி.யில ஓடுது. பழைய லிஃப்ட் மாதிரிக்கா. சத்தம் மட்டும் எல்லா மாடிக்கும் கேக்குது, பெட்டி இருந்த இடத்துலயே நிக்குது."

அந்த நிலைமையிலும் அவனுக்குக் கிண்டல். அவள் சிரித்த மாதிரி காட்டிக்கொண்டு ஃபோனை வைத்தாள்.

பெட்டி நிற்கிறது என்று அவன் சொன்னது விளையாட்டுக்கு. நிஜமாகவே நின்றது. மாத்திரை இருபது பெட்டி, நகரத்தின் தலைமைக் கிடங்கில் ஒன்பது நாளாக அடுக்கியபடி இருந்தது. கிடங்குக்காரர் ஃபோனில் சத்தியம் செய்யாத குறை. "சரக்கு கண்ணு முன்னாடி இருக்கும்மா. சீல் சார் கையெழுத்து இல்லாம நான் ஒரு அட்டையைத் தொட முடியுமா? வேலை போயிடும்."

சீல் சார் என்பவர் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி. நாடு முழுவதற்கும் ஒரே ஆள், ஒரே முத்திரை. அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். அவர் நேரில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்த வேண்டும். அன்று மாலை ஐந்துக்குள் கிடங்கிலிருந்து பெட்டி கிளம்பியாக வேண்டும். இல்லையென்றால் அந்தக் காகிதம் செல்லாது. சரி, அந்த மகராசன் எங்கே? சபையில்! போதைப்பொருள் விவாதத்துக்கு அமைச்சர் எந்த நிமிஷமும் பதில் சொல்லலாம், அப்போது புள்ளிவிவரம் எடுத்துக் கொடுக்கத் துறை அதிகாரி பக்கத்தில் இருக்க வேண்டுமாம். மூன்று நாளாக, அமைச்சர் இருக்கைக்குப் பின்னால் தடுத்து வைத்திருக்கும் அதிகாரிகள் அடைப்பில் உட்கார்ந்திருக்கிறார். அதற்கு முந்தைய ஆறு நாளும் விவாதத்துக்குக் குறிப்புத் தயாரிக்கும் கூட்டம். காலை எட்டுக்கு அமைச்சர் வீடு, பத்துக்குச் சபை. வெளியே வரும்போது கிடங்கு பூட்டியிருக்கும். போதையை ஒழிப்பது எப்படி என்று பேசுவதற்காக, போதையை விடுகிறவனுக்கு மாத்திரை போகாமல் உட்கார வைத்திருந்தார்கள். இதை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

முட்டிக்கொள்ள வேண்டியது தன் தலையைத்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். அதுதான் அவளை அதிகம் அரித்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர் மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டி, "அரசாங்கமே போதை மாத்திரை கொடுக்குதா?" என்று சபையை இரண்டு பண்ணினார். அன்றைய அமைச்சருக்கு வியர்த்துக் கொட்டியது. அடைப்பில் இருந்த அவள் ஒரு துண்டுச் சீட்டில் சட்டென்று எழுதிக் கொடுத்தாள்: "பொறுப்பு அதிகாரி நேரில் கையெழுத்திட்டு முத்திரையிட்டு, அன்றைய தினமே அனுப்பினாலொழிய ஒரு பெட்டியும் கிடங்கை விட்டு நகராது. முத்திரை அவர் கையை விட்டு நீங்காது." அமைச்சர் வாசித்தார். மேஜையைத் தட்டினார்கள். மூன்றாவது மாடியில் அவளை ஆகா ஓகோ என்றார்கள். சபையில் கொடுத்த உறுதி என்பதால் அதுவே விதியாகிவிட்டது. மாற்ற வேண்டுமென்றால் மறுபடி சபைக்குப் போய்க் காரணம் சொல்ல வேண்டும். எந்த அமைச்சருக்கு அந்தத் தைரியம் வரும்? அரை நிமிஷத்தில் எழுதிய வரி. இன்றைக்கு அவள் தம்பியின் காலைப் பிழிகிறது.

மணி ஒன்று. அனுப்புகை ஆணையைக் கோப்பில் வைத்துக்கொண்டு சபைக்கு ஓடினாள். உள்ளே ஃபோன் கூடாது என்று வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதிகாரிகள் அடைப்பு நிரம்பியிருந்தது. "இடமில்லை, சீட்டு எழுதிக் கொடுங்க, நான் கொடுத்துடறேன்" என்றார் காவலர்.

எழுதினாள்: "சார், மாத்திரை இருபது பெட்டி ஒன்பது நாளாகக் கிடங்கில் கிடக்கிறது. உங்கள் கையெழுத்து இல்லாமல் நகராது. கிளினிக்குகள் மூன்று நாளாகக் காலி. தயவுசெய்து உடனே வெளியே வாருங்கள்."

சீட்டு சீல் சார் கைக்குப் போனதைக் கண்ணால் பார்த்தாள். அங்கேதான் வந்தது வினை. மூன்று நாளாகப் பின்னாலிருந்து வருகிற சீட்டையெல்லாம் வாங்கி முன்னால் நீட்டி நீட்டி அந்த மனுஷனுக்குக் கை அப்படியே பழகிப்போயிருந்தது. பிரித்துப் பார்க்கவே இல்லை. முன்னால் நீட்டினார். சபை ஊழியர் வாங்கி அமைச்சர் மேஜையில் வைத்தார். அமைச்சரோ, "எங்கே பதில்? பதிலைச் சொல்!" என்று நாலா பக்கமும் பிடுங்கித் தின்கிற நேரத்தில் ஒரு சீட்டு வந்ததே என்று கும்பிடாத குறையாக எடுத்து, கணீரென்று வாசித்தார்.

"சபாநாயகர் அவர்களே! சார், மாத்திரை இருபது பெட்டி ஒன்பது நாளாகக் கிடங்கில் கிடக்கிறது. உங்கள் கையெழுத்து இல்லாமல் நகராது…"

அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்தப் புண்ணியவான் நிறுத்தவில்லையே! சீட்டில் எழுதியிருந்தால் கடைசிப் புள்ளி வரை வாசிக்கிற பழக்கம்.

"…தயவுசெய்து உடனே வெளியே வாருங்கள்."

எதிர்வரிசை மொத்தமாக எழுந்தது. "வாங்க! உடனே வெளியே வாங்க! நாங்களும் கூப்பிடறோம்!" சிரிப்பு, கூச்சல், பறக்கிற காகிதம். அமைச்சர் வாசித்ததைச் சபைக் குறிப்பிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டு, சபாநாயகர் அரை மணி நேரம் சபையை ஒத்திவைத்தார்.

சீல் சார் பேயறைந்த முகத்தோடு படிக்கட்டுக்கு வந்தார். "என் கழுத்தை அறுத்துட்டீங்களேம்மா! இருபத்தாறு வருஷ சர்வீஸ்!"

"முதல்ல கையெழுத்துப் போடுங்க சார். அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க." கோப்பைப் படிக்கட்டுக் கைப்பிடி மேல் வைத்து நீட்டினாள். அவர் திட்டிக்கொண்டே போட்டார். திட்டிக்கொண்டே முத்திரையும் குத்தினார். மணி இரண்டு நாற்பது. ஒன்பது நாள் நின்ற வேலை ஒன்பது நொடிகூடப் பிடிக்கவில்லை.

ஆணையை ஆள் மூலம் கிடங்குக்கு அனுப்பிவிட்டு ஆபீஸுக்குத் திரும்பினாள். மூன்றேகாலுக்கு, "வண்டி கிளம்பிடுச்சும்மா" என்றார் கிடங்குக்காரர் ஃபோனில். அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உடனே தம்பிக்கு ஃபோன் போட்டாள். நாலாவது தடவைதான் எடுத்தான்.

"டேய், வந்துட்டிருக்குடா! இன்னும் ஒரு மணி நேரம், அவ்வளவுதான்!"

"சரிக்கா." குரல் நிதானமாக இருந்தது. மூக்கை உறிஞ்சவில்லை. "அவசரமில்லக்கா. இப்ப கால் வலிக்கல."

அவள் கையிலிருந்த பேனா நின்றது. அந்தக் குரலை எட்டு வருஷம் கேட்டவள் அவள்.

"எங்கடா இருக்கே?"

"பெஞ்சுலதான். நீதானே நகராதேன்னு சொன்னே… கொஞ்ச நேரம்தான் போயிட்டு வந்தேன்." கொஞ்சம் மூச்சு விட்டான். "ரெண்டு மணி வரைக்கும் இருந்தேன்க்கா. நர்ஸம்மாவைக் கேட்டுப் பாரு. நிஜமாவே இருந்தேன்."

"இருந்திருப்பேடா. தெரியும்டா." அவளுக்கு அழுகை முட்டியது. "தூங்கிடாதே. ஃபோனை நர்ஸம்மாகிட்ட கொடு."

நர்ஸ் வாங்கினாள். பதற்றப்படவில்லை. மூச்சு சீராக இருக்கிறது, டாக்டர் பக்கத்தில்தான் இருக்கிறார், தூங்க விடமாட்டேன் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பெஞ்சுல காலையில பதினாறு பேர் இருந்தாங்கம்மா. இப்ப அஞ்சு பேர்தான் இருக்காங்க. திரும்பி வந்தவர் இவர் ஒருத்தர்தான்" என்றாள். "நான் வரேன், அரை மணி" என்றாள் அக்கா.

பையை எடுத்துத் தோளில் மாட்டும்போது இயக்குநர் மேடம் வந்து நின்றார். நல்ல மனுஷிதான். கோபிக்கவும் இல்லை.

"சபையில நடந்தது நடந்துபோச்சு. அமைச்சர் வாசிச்சதைக் குறிப்புல இருந்து எடுத்துட்டாங்க. அப்படி ஒண்ணு நடக்கவே இல்லை. இப்ப நாலு மணிப் பதிலைப் பாருங்க. நீங்களே வண்டியை அனுப்பி வச்சுட்டீங்க. ஆக நாளைக்குக் காலையில அமைச்சர் வாசிக்கும்போது தட்டுப்பாடு இருக்குமா?"

"இருக்காது மேடம்."

"அவ்வளவுதானே? (அ) இல்லை. மத்தது எழவில்லை. போன வருஷத்துதையே போட்டுடுங்க. ஒரு நிமிஷ வேலை."

ஒரு நிமிஷ வேலைதான். திரையில் போன வருஷத்துப் பதில் தயாராக இருந்தது. தேதியை மட்டும் மாற்றினால் போதும். பத்தொன்பது வருஷத்தில் எத்தனை "இல்லை" போட்டிருப்பாள்! ஒவ்வொரு "இல்லை"க்குக் கீழேயும் இப்படி எத்தனை பெஞ்சுகள் இருந்தனவோ. ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தாளா? தன் மேலேயே அவளுக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

நின்றபடியே, தோளில் பையோடு, "இல்லை"யை அழித்தாள். தட்டினாள்.

(அ) ஆம்.
(ஆ) மூன்று நாட்களாக.
(இ) குறைந்தது ஒருவர்.

(ஈ) பிரிவைக் காலியாக விட்டாள்.

மேடம் கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிட்டுக்கொண்டு குனிந்து படித்தார். "என்னம்மா இது? விளையாடறீங்களா? புள்ளிவிவரம் எங்கேயிருந்து வந்தது? குறைந்தது ஒருவர்னா யார் அந்த ஒருவர்? நாளைக்குச் சபையில ஆதாரம் கேப்பாங்க."

"கேக்கட்டும் மேடம்," என்றாள் அக்கா. "என் தம்பி."