நான்காம் பகுதியில் ஒரு முடிச்சு

1

இந்தக் கதை எனக்கு அக்கா வீட்டுச் சமையலறையில் கிடைத்தது. கிடைத்தது என்ன, பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டேன். அத்தான் குளிக்கப் போயிருந்தார். ரப்பர் வளையத்தில் அவர் போட்டுவைத்த முடிச்சை அக்கா நகத்தால் அவிழ்த்து, எச்சில் தொட்டு, தானே மறுபடி போட்டு இறுக்கினாள்.

"அவருக்குத் தெரியவே கூடாதுடா. நீ பாட்டுக்கு எழுதித் தொலைச்சிடாதே."

எழுதிவிட்டேன். என் புத்தி அப்படி.

2

அத்தான் பல்செட்டு செய்பவர். மற்ற நேரத்தில், காய்ந்த இலையைவிட லேசான விமானங்கள் செய்து, காற்றடிக்காத பெரிய கூடங்களில், யாருடையது அதிக நேரம் பறக்கிறது என்ற போட்டிகளில் பறக்கவிடுவார். பெட்ரோல் இல்லை, பாட்டரி இல்லை. நுனிகளை முடிந்து வளையமாக்கி முறுக்கிய ரப்பர்தான் எஞ்சின். முறுக்கு அவிழ அவிழ முன்னால் விசிறி சுற்றும்.

போன வருஷம் பக்கவாதம் வந்தது. எல்லாம் தேறியது, வலது கை விரல்களைத் தவிர. அடுத்த போட்டியில் அவர் போட்ட முடிச்சு பறக்கும்போதே நழுவியது. ரப்பர் துள்ளி விமானத்தை நார்நாராகக் கிழித்தது. "போதும். இனிமே எனக்கெதுக்கு இதெல்லாம்?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். [இங்கே அவர் அழுததாக எழுதி அடித்தேன். அழுதது நான்.]

அதற்குப் பிறகுதான் அக்கா அவரை மறுபடி செய்யவைத்து, அவர் போடும் முடிச்சை ரகசியமாக மாற்றிப் போட ஆரம்பித்தாள். போன மாதம் விமானம் கூரையைத் தொட்டுவிட்டு, ஆற அமர இறங்கியது. "கை திரும்பிடுச்சு, பாத்தியா மாப்ளே!" என்று விரல்களை விரித்துக் காட்டினார். நான் பார்த்தேன். அவை நடுங்கிக்கொண்டிருந்தன.

3

ரப்பரை மெல்லிய நாடாவாகச் சீவ வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மேலே தூவியிருக்கும் பவுடர் போகச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். பிறகு இரு நுனிகளையும் சேர்த்து

4

[                    ]

5

பிறகு எண்ணெய். ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து, வளையத்தை அதற்குள் உருவ வேண்டும். முறுக்கும்போது இழைகள் உரசி அறுந்துபோகாமல் இருக்கத்தான் இது. அதிகமானால் தெறித்து இறக்கையை நனைத்துவிடும். (முதல் வரைவில் 'விளக்கெண்ணெய்' என்று எழுதியிருந்தேன். "அது அந்தக் காலம். இப்ப சிலிக்கான் எண்ணெய்டா, வெளக்கெண்ணெ!" என்றாள் அக்கா.)

எண்ணெய் பட்ட ரப்பரில் முடிச்சு நிற்காது, வழுக்கும். அதனால் அக்காவுக்கு இருப்பது, அவர் முடிச்சுப் போட்டுவிட்டுக் குளித்து வந்து எண்ணெய் தடவுவதற்குள் கிடைக்கும் நேரம் மட்டும்.

6

தொழில் விவரங்களைச் சரிபார்க்க அத்தானைவிட்டால் எனக்கு ஆளில்லை. அக்கா வரும் இடம் அத்தனையையும் அடித்த தனிப் பிரதி ஒன்றை இன்று காலை அவரிடம் கொடுத்தேன். நான்காம் பகுதி முழுக்க அவள்தான். அது முழுசாகப் போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

"அலசினே, உலர்த்தினே. நேரா எண்ணெய்க்குப் போயிட்டே. முடிச்சு எங்கே மாப்ளே?"

திருடனுக்குத் தேள் கொட்டியது. சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

"இடம் பத்தலை அத்தான்."

"முடிச்சு இல்லாம எப்படிப் பறக்கும்? விஷயம் தெரிஞ்சவன் சிரிப்பான்."

மேசையில் இன்றைய வளையம் கிடந்தது. அவர் குளித்துவிட்டு வந்திருந்தார். அதை எடுத்து, முடிச்சை இடது கை விரல்களுக்கிடையில் வெகுநேரம் உருட்டினார்.

"நானே போட்டேன்னு எழுது," என்றார், குரலைத் தாழ்த்தி. "உங்க அக்கா படிப்பா."

7

அவருக்குத் தெரியும் என்று ஒரு முடிவு எழுதினேன். தெரியாது என்று இன்னொன்று. இரண்டிலும் அக்காவின் முகத்தை

வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன். அவள் ஈரக் கையோடு வந்து நிற்கிறாள்.

"என்னடா எழுதச் சொல்றார்?"

இரண்டு பேரும் என்னையே பார்க்கிறார்கள். என்னால் முடியவில்லை. காலியாக விட்ட நான்காம் பகுதி, படிக்கிற உங்களுடையது; முடிச்சைப் போட்டது யார் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் இந்த இருவரும் படிப்பார்கள். வளையம் இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. எண்ணெய் போடவில்லை.